நிறுவனம் பொறுப்பல்ல

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு பிரிசில்லா தன் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ஒரு கொலை நடந்திருந்தது.

செத்தது ஒரு சொல். ‘மையப் பொறுப்பாளர்: ம. பிரிசில்லா’ என்று பதினோரு வருடமாக சதுரங்கப்பட்டினத்துக் கடல் காற்றில் நின்ற பலகை அது. இப்போது நடுவில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ‘மையப்’ என்று ஆரம்பித்து, கறுப்பு ஓடி, கடைசியில் ‘ளர்’ மட்டும் எட்டிப் பார்த்தது.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜான்சன், அவள் திரும்புவதற்குள் முந்திக்கொண்டான்.

“அக்கா, நான் கை வெக்கல.”

“நான் உன்ன கேக்கவே இல்லியே.”

“கேக்கறதுக்கு முன்னால சொல்லி வெச்சேன்.”

கேட்காமலே பதில் சொல்கிற ஆளை பிரிசில்லா என்றைக்கும் நம்பியதில்லை. துருவியதில் விஷயம் வெளியே வந்தது. காலை ஏழு மணிக்கு ஹெட் ஆபீசிலிருந்து ஒருவர் காரில் வந்தார். ஏணி கேட்டார். ஏணியில் ஏறுவதற்கு முன்னால், தான் விழுந்தால் அது நிறுவனத்தின் ஏணி அல்ல என்று ஒரு தாளில் ஜான்சனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். டேப் ஒட்டினார். போய்விட்டார்.

அலைக்கரம் அறக்கட்டளையின் கடலோர மையம் அது. மையம் என்றால் ஒரு அறை, ஒரு வண்டி, ஒரு ஜான்சன், ஒரு பிரிசில்லா. வேலையும் ஒன்றே ஒன்று. கிட்னி போனவர்கள் ஐந்து பேரைச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப்போய், திரும்ப அவரவர் வாசலில் இறக்கிவிடுவது. மதியம் ஒரு மணிக்கு ஷிப்டு ஆரம்பம். பதினொன்றரைக்கு வண்டி கிளம்பவேண்டும். தவறினால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஐந்து பேரில் மூத்தவர் முத்துசாமி. ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். மூன்றாவது தடவை பற்றி அவர் மனைவி பாப்பா பேசவே விடமாட்டாள்.

அன்று மதியம் செங்கல்பட்டில், ஒரு ஜவுளிக்கடை மாடியிலிருந்த ஹெட் ஆபீசில் அவசரக் கூட்டம். வாசலிலேயே டீ கொடுத்தார்கள். டீயுடன் ஒரு சீட்டும் வந்தது. ‘இந்தப் பானம் சூடானது என்பதை அறிந்தே பெற்றுக்கொள்கிறேன்.’ பிரிசில்லா கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீக்கு வேறு சீட்டு உண்டா என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு கோலம். போன மகளிர் தின விழாவில் சிறப்பு விருந்தினர் ஒருவர் வாசல் கோலத்தில் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தார், ‘பெண்மையின் உறுதி’ பற்றி நாற்பது நிமிடம் பேசினார், வீட்டுக்குப் போய் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அறக்கட்டளைச் செயலாளர் கோதண்டராமன் ஓய்வுபெற்ற அதிகாரி. முப்பத்தாறு வருட சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர். எதிலும் கையெழுத்துப் போடாததால் கிடைத்த பெருமை அது. நோட்டீஸைப் பார்த்த அன்றே அவர் பேனாவுக்கு மூடி போட்டார், அப்புறம் திறக்கவில்லை. சென்னையிலிருந்து சட்ட இடர் ஆலோசகர் ஒருவரைக் கூட்டிவந்தார். பெயர் பிரவின்குமார். கறுப்பு டேப் அவருடையதுதான்.

பிரவின்குமார் மைக்கைத் தொடாமல் பேசினார். மின்கசிவு சாத்தியமாம்.

“பதினோரு வருட ஆவணங்களை ஆராய்ந்தேன். நம்மைக் குறை சொன்னவர்கள் அத்தனை பேரும் நாம் ஏதோ ஒரு வகையில் உதவி செய்தவர்கள். நாம் உதவாதவர்களில் ஒருவர்கூட இன்றுவரை நமக்கு நோட்டீஸ் அனுப்பியதில்லை. ஆக, அபாயம் எங்கேயிருந்து வருகிறது என்பது தெளிவாகிறது.”

கோதண்டராமன் கண் கலங்கிவிட்டார். எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“யாரும் தப்பா நினைக்கக் கூடாது, நாம சேவையை நிறுத்தல, சேவையிலிருந்து பொறுப்பை மட்டும் எடுத்துடறோம்.”

பிறகு சுற்றறிக்கை வந்தது. ‘பொறுப்பு’, ‘உறுதி’, ‘கண்டிப்பாக’, ‘கவலைப்படாதீங்க’ ஆகிய சொற்களை மையங்களில் உச்சரிக்கக் கூடாது. சக ஊழியர் உச்சரித்தால் ‘சம்பவ அறிக்கை’ எழுதிப் பெட்டியில் போடவேண்டும். வாரத்துக்கு ஒன்றாவது கட்டாயம். சம்பவமே நடக்காத மையம் சம்பவத்தை மறைக்கும் மையமாகக் கருதப்படும்.

பிரிசில்லா கை தூக்கினாள். “சார், நாளைக்கு வண்டி வருமான்னு கேப்பாங்க. இன்னா சொல்றது?”

“வரும் என்று சொல்லாதீர்கள். வராது என்றும் சொல்லாதீர்கள். வண்டி என்பது ஒரு சாத்தியம், அவ்வளவுதான்.”

மறுநாள் அந்தச் சாத்தியத்தின் இரண்டு பக்கமும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘இவ்வாகனத்துக்கோ, இதனுள் உள்ளவற்றுக்கோ, அவற்றால் ஏற்படும் விளைவுகளுக்கோ நிறுவனம் பொறுப்பல்ல.’ ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் பதினோரு பக்கப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பாப்பா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான்காவது பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“பிரிசிலு, இன்னாது இது? பக்கத்துக்குப் பக்கம் பொறுப்பு இல்ல, பொறுப்பு இல்லன்னு அவங்களே எழுதிக் குடுத்துருக்காங்க? பொறுப்பு இல்லாதவனுக்கு எங்க வூட்ல பொண்ணே குடுக்க மாட்டோம். இவங்க வண்டில என் புருசன எப்டி ஏத்தறது?”

“அது அந்தப் பொறுப்பு இல்ல பாப்பாக்கா. இது சட்டத்துல சொல்ற பொறுப்பு.”

“சட்டத்துல இல்லாத பொறுப்பு மனசுல மட்டும் எங்கேந்து வரும்?”

பிரிசில்லா பேனாவை நீட்டினாள். அதற்குள் ஜான்சன் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்தான். கிளம்பும் முன் படித்தே ஆகவேண்டும் என்பது உத்தரவு.

“இவ்வாகனம் புறப்படக்கூடும். புறப்பட்டால் செல்லக்கூடும். சென்றால் சேரக்கூடும்.”

பின்சீட்டிலிருந்து முத்துசாமி தலையை நீட்டினார். “நைனா, பிரேக்கு கீதா இல்லியா? அத மட்டும் சொல்லிடு.”

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. பாப்பாவுக்கு மட்டும் அழுகை வந்தது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறவும் மாட்டாமல், புருசனை இறக்கவும் மாட்டாமல் தரையில் நின்றாள். மணி பதினொன்று நாற்பது. பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். பாப்பாவின் கையைப் பிடித்தாள். இந்தக் கடற்கரையில் கடை வைத்திருப்பவன் முதல் கவுன்சிலர் வரை நாள் ஒன்றுக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தையைச் சொன்னாள்.

“ஏறுக்கா. நான் பாத்துக்கறேன்.”

பாப்பா ஏறினாள்.

புதன்கிழமை காலை கவர் வந்தது. ‘நேற்று காலை 11.40 மணிக்கு, பயனாளி ஒருவரின் மனைவியிடம் “நான் பாத்துக்கறேன்” எனும் வரம்பற்ற வாய்மொழி உத்தரவாதத்தைத் தாங்கள் வழங்கியதாக நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. வியாழன் விசாரணைக்கு ஆஜராகவும்.’

பிரிசில்லாவுக்கு முதலில் பயம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. நேரம்கூடச் சரியாக இருக்கிறது. பக்கத்தில் நின்று கேட்டவன்தான் சொல்லியிருக்கவேண்டும். பக்கத்தில் நின்றவன் ஜான்சன். இன்றைக்குப் புதுச் சட்டை வேறு.

“சட்டை எப்ப எடுத்த ஜான்சன்?”

“எடுத்திருக்கக்கூடும்க்கா.”

“யாரு வாங்கிக் குடுத்தாங்க?”

“வாங்கிக் குடுத்திருக்கலாம்.”

அவனும் அவளைச் சந்தேகப்படுகிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. வாரம் ஒரு சம்பவம் கட்டாயம் ஆயிற்றே. அந்தச் சம்பவம் தானாக இருந்துவிட்டால் என்று அவனுக்குப் பயம். நான்கு வருடமாக ஒரே தட்டில் வடை பிய்த்துத் தின்ற இரண்டு பேரும் அன்று தனித்தனியாக நாஸ்தா சாப்பிட்டார்கள், ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடி. அடுத்து டீக்கடைக்காரர் மேல் சந்தேகம் போனது. அடுத்து பாப்பா மேலேயே போனது. அழுதவள் போன் வைத்திருந்தாளா? ஒரு நாள் முழுக்க இப்படி யோசித்ததில் பிரிசில்லாவுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பில் ஓரளவு நியாயம் இருந்தது என்பது மறுநாள் தெரிந்தது.

விசாரணையில் பிரவின்குமார் குரலைத் தாழ்த்தினார். “சாட்சியின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் மிக நம்பகமானவர். பதினோரு வருடமாக உங்கள் மையத்திலிருந்து ஒரு நாள் விடாமல் நமக்குத் தகவல் அனுப்புகிறவர்.”

பதினோரு வருடம். ஜான்சன் வந்தே நான்கு வருடம்தான். பதினோரு வருடமாக ஒரு ஆள் கூடவே இருந்து உளவு சொல்லியிருக்கிறான்; அவள் கண்ணில் படவேயில்லை.

“அந்த ஆளோட எழுத்தையாவது காட்டுங்க சார்.”

அவர் ஒரு ஜெராக்ஸை நகர்த்தினார். வண்டியின் பயண நோட்டுப் பக்கம். தினமும் சாயங்காலம் போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்புகிற நோட்டு. ‘11.40. பாப்பா அழுதாள். ஏறுக்கா, நான் பாத்துக்கறேன் என்று சொன்னேன். ஏறினாள். வண்டி கிளம்பியது.’

கையெழுத்து அவளுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுவது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பழக்கம்.

“அப்போ சாட்சி நான்தானா சார்?”

“குற்றம் சாட்டப்பட்டவரும் நீங்கள்தான். அதனால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி.”

உத்தரவு ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. ‘வண்டி, ஓட்டுநர், பயனாளிகள் உட்பட கடலோர மையத்தின் முழுப் பொறுப்பையும் திருமதி ம. பிரிசில்லா நிறுவனத்தின் அனுமதியின்றி, தன்னிச்சையாக, தாமே ஏற்றுக்கொண்டுள்ளார் என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. மேற்படி பொறுப்பில் நிறுவனத்துக்கு எவ்விதப் பங்கும் இல்லை.’ கோதண்டராமன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பங்கு இல்லை என்று எழுதியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பல மாதத்துக்குப் பிறகு பேனா மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரையும் விழுந்தது. மறு உத்தரவு வரும்வரை வண்டி நிறுத்தம். சாவி ஹெட் ஆபீஸ் அலமாரியில்.

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. முத்துசாமியும் பாப்பாவும் ஷேர் ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் போய் பஸ் பிடித்தார்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது முத்துசாமி மயங்கி உட்கார்ந்தார். போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. படுக்கை போயிருந்தது. நர்சு பரிதாபப்பட்டு, கடைசி ஷிப்டில், வழக்கமான நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் மட்டும் மெஷினை ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா பார்க்கப் போனபோது அவர் முகம் உப்பியிருந்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாப்பா திட்டவில்லை. “செவ்வாக்கெழம விட்டா அவ்ளோதான் பிரிசிலு” என்று மட்டும் சொன்னாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பிரிசில்லா வாயைத் திறந்து, அந்த வார்த்தை வெளியே வருவதற்குள் மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொல்லப் பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாமல்லபுரத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் ‘பொறுப்பின்மையை நோக்கி: இடர் மேலாண்மைப் பயிலரங்கம்’. பிரிசில்லாவுக்கும் அழைப்பு வந்தது. செய்யக்கூடாததற்கு உதாரணமாக அவளை மேடையில் நிற்கவைக்கத் திட்டம். படிவக் கட்டுகளை ஏற்றிவர வேறு வண்டி இல்லாததால் அலமாரியிலிருந்து சாவி எடுக்கப்பட்டது. பதினோரு பக்கப் படிவங்கள் நாற்பது அட்டைப்பெட்டி. ஜான்சன் ஓட்டிவந்தான்.

ரிசார்ட் வாசலில் ஒரு போர்டு: ‘வாகனங்களை உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்.’

பிரவின்குமார் அதை இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. “இது பொறி. உள்ளே நிறுத்தினால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகும். வெளியே விடுங்கள்.”

வெளியே என்றால் மெயின் ரோடு. ஜான்சன் ரோட்டோரத்தில் நிறுத்தினான். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் வண்டி அவன் வசம் இருந்ததாக ஆகிவிடுமாம். அதனால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அவனையும் உள்ளே வரச்சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் சிற்பங்களைப் பார்க்க மாமல்லபுரம் வருகிறார். ரோடு முழுக்க போலீஸ். நடுவில் ஆளில்லாத வண்டி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அடுக்கடுக்காக அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில், இதனுள் உள்ளவற்றால் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

பத்தே முக்காலுக்கு மோப்ப நாய் வந்தது.

உள்ளே பிரவின்குமார் நாற்பது பேருக்கு ‘கண்ணில் படுவதைக் காணாதிருத்தல்’ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே விசில் சத்தம் கேட்டதும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் விஜயகுமாரி உள்ளே வந்தார். கையில் ஒரு படிவமும் வண்டிச் சாவியும்.

“வெளிய நிக்கிற வண்டி யாரோடது?”

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஆர்.சி. அலைக்கரம்னு காட்டுது. அலைக்கரம் யாரு?”

மேடைக்குப் பின்னால் ஆறடி நீளத்துக்கு அலைக்கரம் என்று பேனர். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த கோதண்டராமன் மெதுவாக எழுந்தார். “வண்டி எங்க பேர்ல இருக்கு மேடம். ஆனா எங்களுடையதுன்னு சொல்லும்படியான நிலைமையில நாங்க இல்ல.”

“நீங்க யாரு சார்?” கேள்வி பிரவின்குமாருக்கு.

“ஆலோசகர். என் ஆலோசனைக்கு நான் பொறுப்பல்ல. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.”

விஜயகுமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து வருட சர்வீசில் திருடன்கூட இவ்வளவு சுத்தமாகப் பேசிக் கேட்டிராத பார்வை அது. “குண்டு இல்லன்னு செக் பண்ணியாச்சு. உள்ள இருக்கற பேப்பர் இன்னான்னு எங்க ஆளுங்களுக்குப் புரியல, அது வேற விஷயம். இப்ப யாராவது ஒருத்தர் நான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்து வண்டிய எடுங்க. இல்லன்னா சீஸ் பண்ணி கோர்ட்ல ஒப்படைச்சிருவேன். அப்புறம் ஆறு மாசம் ஆவும்.”

பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. சதுரங்கப்பட்டினத்துக்கு இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு மணி நேரம். அவள் பையைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். முதலில் அதை அவள் தலைகீழாகப் பிரித்ததை ஜான்சன் பார்த்தான். எந்த அறிக்கையிலும் அவன் அதை எழுதவில்லை.

“மேடம், என்கிட்ட இருக்குது.”

விஜயகுமாரி வாய்விட்டுப் படித்தார். “வண்டி, ஓட்டுநர், பயனாளிகள் உட்பட மையத்தின் முழுப் பொறுப்பையும் திருமதி பிரிசில்லா தாமே ஏற்றுக்கொண்டுள்ளார்... ஐயமின்றி நிரூபணமாகிறது.” தலை நிமிர்ந்தது. “இது உங்க கையெழுத்தா சார்?”

பிரவின்குமார் அவசரமாகக் குறுக்கே வந்தார். “சார், ஒரு நிமிஷம், பதில் சொல்லாதீங்க. அந்தக் கடிதத்தின் நோக்கம்...”

கோதண்டராமன் அவரைக் கையால் ஒதுக்கினார். வக்கீல் நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இல்லாத நிம்மதி இப்போது வந்தது. போலீஸ் கேட்கிற வண்டிக்கு வேறொருத்தர் பொறுப்பு. அதற்கு அவரே கையெழுத்துப் போட்ட சாட்சி.

“ஆமாம் மேடம். முழுப் பொறுப்பும் அவங்கதான். வண்டியில எங்களுக்கு ஒண்ணும் கிடையாது. வேணும்னா இன்னொரு தடவை எழுதித் தரேன்.”

“தாங்க.”

எழுதித் தந்தார். முத்திரைகூடக் கையோடு வைத்திருந்தார். விஜயகுமாரி அதை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு சாவியை பிரிசில்லாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்த ஹால்ல பொறுப்புள்ள ஆளு நீ ஒருத்திதாம்மா. எழுதியே குடுத்துட்டாங்க. கெளம்பு.”

வண்டியில் ஏறியதும் ஜான்சன் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தான். “அக்கா, படிக்கணுமா?”

“கிழிச்சிப் போடு.”

“அட்டப்பொட்டிங்க?”

“நாற்பதையும் இங்கியே எறக்கு. அவங்கள்ல யாராவது பொறுப்பா எடுத்துப்பாங்க.”

திருப்பத்தில் போன் அடித்தது. பாப்பா. வண்டி வருமா என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை; மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அவளுடையதா, முத்துசாமியுடையதா என்று தெரியவில்லை.

“அவருக்குச் சட்ட மாட்டி வாசல்ல உக்கார வைக்கா. நான் பாத்துக்கறேன்.”

ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டி செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. முத்துசாமியைப் படுக்கையில் படுக்கவைத்து ஊசி ஏற்றினார்கள். பிரிசில்லா வெளியே படியில் உட்கார்ந்து பயண நோட்டைத் திறந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். ‘11.20. நான் பாத்துக்கறேன் என்று சொன்னேன்.’ கொஞ்சம் யோசித்து, கீழே கோடு போட்டாள். வழக்கம்போல போட்டோ எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து பிரவின்குமார் விஷயத்தைப் புரிந்துகொண்டார். வண்டி, மையம், ஓட்டுநர், நோயாளிகள் அத்தனையும் நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, போலீஸ் முன்னிலையில், ஒரு பெண்மணியின் வசம் போய்விட்டன. உடனே ஒரு கடிதம் வந்தது. மேற்படி பொறுப்பைத் தாமதமின்றி நிறுவனத்திடம் திரும்ப ஒப்படைக்கவும். இணைப்பு, ஒப்படைப்புப் படிவம்.

பிரிசில்லா மறுநாளே நிரப்பி அனுப்பினாள். பொறுப்பை ஒப்படைப்பவர் என்ற கட்டத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, பொறுப்பை ஏற்றுக்கொள்பவர் என்று இன்னொரு கட்டம் இருந்தது. படிவம் கோதண்டராமன் மேஜைக்குப் போனது. அவர் துணைச் செயலாளருக்கு அனுப்பினார். துணைச் செயலாளர் ஆலோசகருக்கு அனுப்பினார். ஆலோசகர் தன் ஒப்பந்தத்தின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பினார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. படிவம் இன்னும் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றரைக்கு வண்டி கிளம்பிவிடுகிறது.